புதிய தேதியில் பழைய மழை

மயில்சாமி குற்றத்தை ஒப்புக்கொண்ட வேகத்தைப் பார்த்து, அவருக்காக வாதாட வந்த வக்கீலே கையைப் பிசைந்தார். வால்பாறை மலைப்பாதையில் அவர் ஓட்டிய எஸ்டேட் பஸ் ஒரு வளைவில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே சரிந்தது. தேயிலை பறிக்கும் தொழிலாளிகள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். பஸ்ஸில் இருந்த கேமரா நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த மயில்சாமி, போலீஸ் கேள்வி கேட்பதற்கு முன்பே, "ரோட்டைப் பாக்காம பின்னாடி திரும்பிட்டனுங்க, என்னோட தப்புத்தானுங்க" என்று சொல்லி முடித்துவிட்டார்.

வேறு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அதிர்ச்சியில் உளறுகிறார் என்று விட்டிருப்பார்கள். மயில்சாமி தலையில் நினைவுச் சில்லு வைத்தவர். பத்து வருஷத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து, காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை என்ற நிலைக்குப் போனவரைக் காதுக்குப் பின்னால் பொருத்திய அந்தச் சில்லுதான் மீட்டுக் கொடுத்தது. அதன் பிறகு நடந்த எல்லாமே அவருக்கு அதில்தான் பதிவாகிறது. சில்லு வைத்தவர்களின் நினைவை நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்கலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. "நினைவு பழுதின்றி இருக்கிறது" என்று சில்லு செய்யும் கம்பெனி ஒரு சான்று கொடுத்தால் போதும். மனிதன் மறப்பான், மாற்றிப் பேசுவான், சில்லு பேசாது என்று நாடே நம்பியது. அப்படி நம்புவது போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் வசதியாகவும் இருந்தது.

மயில்சாமிக்கும் சான்று வந்துவிட்டது. தீர்ப்பு சொல்வது மட்டும்தான் பாக்கி. ஏழு வருஷமாவது போடுவார்கள் என்று வக்கீல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவர் மனைவி கோகிலவாணி சிறைக்குப் பார்க்கப் போனாள். அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் பின்னால் திரும்ப மாட்டார்கள். நிறுத்துவதும் எடுப்பதும் கண்டக்டரின் விசிலை வைத்துத்தான். பஸ்ஸுக்குள் அடிதடி நடந்தாலும் மயில்சாமியின் கழுத்து திரும்பாது என்று எஸ்டேட்டில் கேலியே பேசுவார்கள்.

"ஏனுங்க, அந்த வளைவுல எதுக்குத் திரும்புனீங்க? எனக்காச்சும் வெவரமாச் சொல்லுங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இளைத்துப் போயிருந்தார். "யாரோ கூப்பிட்டாப்ல இருந்துச்சு கோகிலா. திரும்புனேன். மூஞ்சில காத்து சிலீர்னு அடிக்குது, தூத்தல் ஊசியாட்டம் குத்துது. கண்ணோரத்துல ரோஸ் கலர்ல என்னமோ தெரிஞ்சுது. ஏதோ பாப்பா போட்டிருந்த ரெயின்கோட்டாட்டம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

கோகிலவாணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விபத்து நடந்தது மார்ச் மாதம், மொட்டை வெயில். கண்ணாடி போட்ட பஸ்ஸில் ஓட்டுநரின் முகத்தில் காற்று எப்படி அடிக்கும்? அந்த ரோஸ் கலர் ரெயின்கோட்டை உக்கடத்தில் பேரம் பேசி வாங்கியவளே அவள்தான்.

அது மகிழினியின் ரெயின்கோட்.

மகிழினி அவர்களுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் மயில்சாமி, அந்தப் புது ரெயின்கோட்டை அன்றுதான் முதல் முறையாகப் போட்டிருந்த அவளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். குளத்தங்கரை ரோட்டில் தொப்பி பறக்கிறது என்று அவள் கூப்பிட, அவர் திரும்பினார். எதிரே லாரி. அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மகள் போய்விட்டாள். அதன் பிறகு மயில்சாமி மனிதனாகவே இல்லை. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, இரண்டு முறை உயிரை விடத் துணிந்தார். கடைசியில் டாக்டர்கள் சொன்ன யோசனைதான் அழிப்புச் சிகிச்சை. அந்த நாளையும் அதைத் தொடர்ந்த சில மாதங்களையும் சில்லிலிருந்து நீக்கிவிடலாம் என்றார்கள். அவரே கெஞ்சிக் கையெழுத்துப் போட்டார், கோகிலவாணியும் போட்டாள். "பாப்பா டெங்குல போயிட்டா" என்று அவருக்குச் சொல்லப்பட்டது. உறவுக்காரர்கள் எல்லாரும் சத்தியம் செய்து அந்தப் பொய்யைக் காப்பாற்றினார்கள். உண்மையை மூன்று வருஷமாகக் கோகிலவாணி ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தாள்.

அழித்தது எப்படித் திரும்பி வந்தது? அதுவும் பஸ்ஸுக்குள்?

அவள் அழவில்லை. சிறையிலிருந்து நேராகச் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினாள். சில்லுக் கம்பெனியின் வரவேற்பறையில் இருந்த பெண் முதலில் டோக்கன் போடச் சொன்னாள், பிறகு ஆன்லைனில் புகார் பதியச் சொன்னாள், பிறகு பெரியவர்கள் எல்லாம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள். "இருக்கட்டும் கண்ணு, மீட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப இந்த வழியாத்தான போவோணும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் ஒரு பெண் இறங்கி வந்தாள். தாட்சாயணி என்ற அந்த இன்ஜினியர்தான் மயில்சாமியின் சான்றில் கையெழுத்துப் போட்டவள்.

கோகிலவாணி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தாட்சாயணி அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனாள். சான்றுக்காக எடுத்த சில்லின் நகல் கம்பெனியில் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளிறியது.

"அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மோட்டார் காயில் கட்டுறனுங்க. பம்ப்செட் மோட்டார்."

"கருகிப்போன காயிலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

இதை எதற்குக் கேட்கிறாள் என்று கோகிலவாணிக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் பதில் சொன்னாள். "சுத்து எத்தனை, கம்பி எந்தக் கனம், எந்த ஸ்லாட்ல எது போவுதுன்னு மொதல்ல எழுதி வெச்சுக்குவோம். எழுதாமப் பிரிச்சா, நடுவுல யாராச்சும் கூப்பிட்டு எந்திரிச்சுப் போனாக்கூட அவ்வளவுதான். வந்து பாத்தா தலையும் புரியாது வாலும் புரியாது."

"சில்லோட அடிமட்டத்துல கர்னல்னு ஒரு புரோகிராம் ஓடுது. அதுவும் இதையேதான் செய்யும். ஒரு நினைவை அதோட இடத்துல வைக்கறதுக்கு முன்னாடி, 'இன்ன நினைவை இன்ன இடத்துல வைக்கப் போறேன்'னு தனியா ஒரு முன்குறிப்பு எழுதும். எழுதி முடிச்சதும் கடைசியில 'முடிந்தது'ன்னு ஒரு முத்திரை குத்தும். அப்புறம்தான் அந்த இடத்தைத் தொடும். நடுவுல சார்ஜ் போயிட்டா, திரும்ப உயிர் வந்ததும் முதல் வேலையா முன்குறிப்பைப் படிக்கும். முத்திரை இருந்தா அந்த வேலையை மறுபடி முதல்ல இருந்து செஞ்சு முடிக்கும். முத்திரை இல்லைன்னா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு தூக்கிப் போட்டுடும். அரைகுறையா எதையும் விடாது."

"நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். ஆனா எல்லாத்தையும் ரெண்டு தடவை எழுதணும். சார்ஜ் சீக்கிரம் தீரும், யோசனை திக்குதுன்னு நோயாளிங்க குறை சொன்னாங்க. அதனால கம்பெனி ஒரு சுருக்கு வழி பண்ணுச்சு. முன்குறிப்புல பேரு, நேரம், எந்த இடம், இது மட்டும் போகும். உள்ளே இருக்கற சரக்கு நேரா அதோட இடத்துக்குப் போயிடும். எது முந்தும் எது பிந்தும்னு கட்டாயம் கிடையாது."

கோகிலவாணி கொஞ்சம் யோசித்தாள். "டப்பாவுல மல்லித்தூள்னு சீட்டு ஒட்டியாச்சு. மல்லித்தூளைக் கொட்டறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. அப்படிங்களா?"

"அப்படியேதான். உங்க வீட்டுக்காரர் தலை இடிச்சதும் பேட்டரி இணைப்பு விட்டுப்போச்சு. அந்தக் கடைசி சில விநாடிக்கு சீட்டு ஒட்டியாச்சு, முத்திரையும் குத்தியாச்சு. சரக்கு வந்து சேரல. திரும்ப உயிர் வந்ததும் சில்லு முன்குறிப்பைப் படிச்சுது, முத்திரை சரியா இருந்துச்சு, எல்லாம் சரின்னு சொல்லிடுச்சு. நானும் முன்குறிப்பை மட்டும் பாத்துட்டுத்தான் சான்று குடுத்தேன். எங்க எல்லாருக்கும் அதுதான் வழக்கம். டப்பாவைத் திறந்து பாக்கல."

"அந்த டப்பாக்குள்ள என்ன இருந்துச்சு?"

"முன்னாடி எது இருந்துச்சோ அது." தாட்சாயணி திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஒவ்வொரு நினைவுத் துண்டுக்கும் எழுதுன காலத்தோட எண் ஒண்ணு ஓரத்துல இருக்கும். சீட்டுல இந்த மார்ச் மாசம் இருக்கு. உள்ளே இருக்கறது மூணு வருஷத்துக்கு முந்துனது."

"அதைத்தான் அழிச்சிட்டீங்களே. கையெழுத்து வாங்கிட்டு அழிச்சீங்களே."

தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டாள். "அழிக்கறதுன்னா சீட்டைக் கிழிக்கறதுதான் அக்கா. உள்ளே இருக்கறதைத் துடைச்சா சில்லோட ஆயுசு குறையும். அந்த இடம் காலின்னு விட்டுட்டா, நாளைக்கு வேற நினைவு வந்து மேல உக்காந்துடும். மத்த துண்டு எல்லாத்து மேலயும் அப்படி உக்காந்துடுச்சு. இந்த ஒண்ணு இருந்த இடத்துல மட்டும் இதுவரை எதுவும் எழுதல. அந்த இடத்தைத்தான் சில்லு பஸ் விபத்துக்கு ஒதுக்கியிருக்கு."

அழித்தவர்கள் ஒரு மாடியில் இருந்தார்கள், எழுதியவர்கள் இன்னொரு மாடியில் இருந்தார்கள். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். மயில்சாமி சிறையில் இருந்தார்.

கோகிலவாணிக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. "இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் தகவல் மேலே போய்விட்டது. மேலாளர் ராஜரத்தினம் வந்தார். தேன் தடவிய பேச்சு. கோகிலவாணிக்குக் காப்பி வரவழைத்தார், நடந்ததற்கு வருந்தினார், கம்பெனி செலவிலேயே பெரிய வக்கீல் வைத்து, தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீடு செய்து தண்டனையைக் குறைப்பதாகச் சொன்னார்.

"அதோட, அந்தத் துண்டை இப்பவே சுத்தமாத் துடைச்சிடறோம்மா. உங்க கணவருக்கு அந்த வேதனையே இருக்காது. கோர்ட்டு வரைக்கும் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அழிச்ச நினைவு எதைப் பத்தினதுன்னு வெளியில சொல்லணும்னா, சட்டப்படி அவரே அனுமதி குடுக்கணும். அனுமதி கேக்கணும்னா அவருக்கு உண்மையைச் சொல்லணும். எதுக்காக இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சீங்களோ, அதை நீங்களே அவர் தலையில போடப்போறீங்களா?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மனிதர் சரியான இடத்தில்தான் அடித்திருந்தார். சொன்னால் மயில்சாமி பழையபடி ஆகிவிடுவார் என்று கோகிலவாணி பயந்தாள். சொல்லாவிட்டால் செய்தாரா என்றே தெரியாத குற்றத்துக்கு உள்ளே கிடப்பார், வெளியே வரும்போதும் இரண்டு பேரைக் கொன்றவன் என்றே தன்னை நினைத்துக்கொண்டிருப்பார். பொய் சொல்லி அவருடைய உயிரைக் காப்பாற்றியதாகத்தான் அவள் இத்தனை நாள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யேதான் இன்றைக்கு அவரை உள்ளே தள்ளியிருக்கிறது.

"சொல்லுறனுங்க" என்று எழுந்தாள். "நீங்க ஒண்ணையும் துடைக்க வேண்டாம்."

"என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றாள் தாட்சாயணி.

ராஜரத்தினம் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி, இதனால் எத்தனை வழக்குகள் திரும்பத் திறக்கும் என்று தெரியுமா, உண்மையான குற்றவாளிகளும் இதைச் சாக்கிட்டு வெளியே வருவார்களே என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தாட்சாயணி வாபஸ் கடிதத்தை அவர் கண் முன்னாலேயே அனுப்பினாள்.

சிறை டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்ல அனுமதித்தார்கள். தாட்சாயணியும் கூடப் போனாள். கோகிலவாணி சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாப்பா டெங்குல போவல. மொபெட்டுல நீங்க கூட்டிட்டுப் போனப்ப லாரில அடிபட்டுப் போனா. தொப்பி பறக்குதுன்னு கூப்பிட்டா, நீங்க திரும்புனீங்க. நீங்க சொன்னீங்களே அந்த ரெயின்கோட்டு, அது நம்ம பாப்பாவோடது. அந்த நெனப்பு வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்து அழிச்சிட்டீங்க. அது மிச்சம் கெடந்து, பஸ்ஸு விழுந்த நெனப்பு இருக்கவேண்டிய எடத்துல வந்து உக்காந்திருச்சு."

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். வெளியே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நானும் நெனச்சேன்" என்றார் மயில்சாமி. "செத்துப்போனவீங்க மொகங்கூட எனக்குச் சரியாத் தெரியாது. முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேருக்காக நெஞ்சு இப்படியா வலிக்கும்னு நானே நெனச்சேன் கோகிலா."

அப்படியே குனிந்து அழுதார். கோகிலவாணி கம்பிக்குள் கையை விட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். காவலர் தடுக்கவில்லை. அவளும் அழுதாள். மகள் இறந்த பிறகு இருவரும் சேர்ந்து அழுவது அதுதான் முதல் முறை. அவர் அந்த நினைவே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில், அவள் இதுவரை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதிருக்கிறாள்.

நிமிர்ந்தபோது மயில்சாமி தாட்சாயணியைப் பார்த்தார். "அப்ப, பஸ்ஸுல நான் திரும்பவே இல்லீங்களா?"

"தெரியாதுங்க. நீங்க திரும்புனீங்களா, பிரேக் போச்சா, எதுவுமே எழுதப்படல. உங்களாலயும் சொல்ல முடியாது, எங்களாலயும் சொல்ல முடியாது."

"அந்த ரெண்டு ஊட்டுக்கும் நான் என்னன்னு பதில் சொல்றது?"

"தெரியாதுன்னுதான் சொல்லணும். அது ஒண்ணுதான் உண்மை."

குற்றத்தைச் சுமப்பதைவிட இதைச் சுமப்பது கடினம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அனுமதிப் பத்திரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டபோது, இறந்தவர்களின் குடும்பத்தார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி நின்று, "எனக்குத் தெரியலீங்க" என்று சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் அவரைத் திட்டினாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நினைவுச் சான்று செல்லாது என்று நீதிபதி தள்ளினார். பஸ்ஸின் பிரேக்கைப் பரிசோதிக்க உத்தரவிட்டு மயில்சாமியை ஜாமீனில் விட்டார். கம்பெனி அதுவரை கொடுத்த சான்றுகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். தாட்சாயணிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அடுத்த வாரம் மயில்சாமியும் கோகிலவாணியும் அவள் அறைக்கு வந்தார்கள். தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும் துண்டை ஏதாவது செய்தாக வேண்டும். தாட்சாயணி மென்மையாகத்தான் கேட்டாள். "இதை முழுசாத் துடைச்சிடலாம். இந்தத் தடவை சீட்டை மட்டும் கிழிக்கற கதை இல்ல, உள்ளேயும் சுத்தமா. நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா அந்தக் காட்சி கண்ணுல நிக்காது. நிறைய பேரு அதைத்தான் கேப்பாங்க."

கோகிலவாணி கணவனைப் பார்த்தாள்.

"தேதியை மாத்திப் போட முடியுங்களா?" என்று கேட்டார் மயில்சாமி. "அது பாப்பா கடைசியா என்னைக் கூப்பிட்டதுங்க. பஸ்ஸோட பேர்ல கெடக்க வேண்டாம். அவ பேர்லயே இருக்கட்டும்."

தாட்சாயணி தேதியை மாற்றினாள். மார்ச் மாதத்து இடம் வெறுமையாக நின்றது. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை நாளின் கீழ் ஒரேயொரு துண்டு வந்து சேர்ந்தது.

"இதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம்? அன்னிக்குக் காலைல நடந்தது?" என்று கேட்டார் மயில்சாமி.

"அதுக்கு மேல வேற நினைவுகளை எழுதியாச்சுங்க. திரும்ப எடுக்க முடியாது."

அவர் நாற்காலியை மனைவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ இருந்தியில்ல. உனக்குத் தெரியுமில்ல. காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லு. எதையும் விட்ராத."

தாட்சாயணி சில்லின் சார்ஜை ஒரு முறை பார்த்தாள், நிறைய இருந்தது, கேட்பது பாதியில் நிற்காமல் பதியும். சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு எந்திரிக்கவே மாட்டேன்னா" என்று ஆரம்பித்தாள். "மழை பேயுது, ஸ்கூலு லீவுன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டா. நீங்கதான் போயி குண்டுக்கட்டாத் தூக்கிட்டு வந்தீங்க. உங்க தோள்ல கெடந்துக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா."